சும்மா இருக்கும் முகம்

மழை மதியம். கொண்டெல் தெருக் கடையில் ஆள் இல்லை.
துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தேன்.
உள்ளே வந்தவரின் நகக்கண்ணில் மஞ்சள் பெயின்ட்,
கம்பளித் தொப்பியில் ஒரு சொட்டு நீலம்.
எந்த மேட்டில் எந்த வீட்டை முடித்துவிட்டு வருகிறார் என்று
பார்த்தே சொல்லிவிடலாம், வல்பராய்சோவில்.

"கன்னத்துக்கு ப்ளஷ் பூச ஒரு பிரஷ் வேணும்.
கன்னம் மனைவியுடையது, கை என்னுடையது.
மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறாள்.
சனிக்கிழமை அவள் தங்கைக்குக் கல்யாணம்.
மூன்றாவது."
மூன்றாவது என்பதை மட்டும்
ஏறிப்போன விலையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் பாடம் ஒப்பித்தேன்:
பவுடர் என்றால் மென்முடி, தளர்ந்து நிற்பது.
கிரீம் என்றால் செயற்கை நார், நெருங்கி நிற்பது.
குவிந்தது கன்ன மேட்டுக்கு,
சாய்த்து வெட்டியது எலும்போரத்துக்கு.
அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.
ஒவ்வொன்றாய் எடுத்து உள்ளங்கையில் அழுத்தி
விசிறியாக விரித்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
ஒன்றின் முடியைச் சுண்டி இழுத்தார்.
"உதிர்க்கிற பிரஷ் சுவரில் மீசை விட்டுப்போகும்."
பிறகு என்னிடம், கொஞ்சம் கண்டிப்பாகவே:
"தொட்ட இடமும் தெரியக் கூடாது
விட்ட இடமும் தெரியக் கூடாது.
அதற்கு எது?"

நான் சொல்வதற்குள் அவரே எடுத்துவிட்டார்,
இருப்பதிலேயே பெரியதை.
அது முகம் முழுக்கப் பவுடர் தட்டுவதற்கு என்றேன்.
"ஓர்த்தென்சியாவுக்குப் பெரிய முகம்" என்று
தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.
படிப்புக்கு ஏணி தேவைப்படாத ஆளிடம்
எப்படி வாதாடுவது? பில் போட்டேன்.

மறுநாள் திரும்பி வந்தார்.
பிரஷைக் கழுவிக் காயவைத்து
செய்தித்தாளில் சுற்றியிருந்தார், பெயின்டர் சுற்றுவதுபோல.
"காதுவரை போய்விட்டது நிறம்.
கண்ணாடியைப் பார்த்து
யார் அறைந்தது என்று கேட்டாள்."
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
"தெருவில் நின்றபடியே
மூன்று மாடி வீட்டுக்கு எத்தனை டப்பா என்று சொல்லுவேன்.
இவள் கன்னம்
என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை.
நாற்பத்தொரு வருஷம்."

பயன்படுத்தியதைத் திரும்ப எடுப்பதில்லை என்று
என் தலைக்கு மேலே எழுதியிருந்தது.
அவர் அதைப் படித்தார், கேட்கவில்லை.
நான்தான் பேச்சை மாற்றினேன்:
சிரிக்கச் சொல்லிப் பூசுங்கள்,
உருண்டு எழும்பும் இடம்தான் இடம்.

"அதையும் செய்தேன்.
சிரிப்பு நின்றதும்
நிறம் கீழே இறங்கிவிட்டது.
ஈரச் சுவரைப்போல ஓடி
வாயோரம் போய் நின்றது.
நாள் முழுக்க யார் சிரித்துக்கொண்டிருப்பார்கள்,
அதுவும் அவள் தங்கை கல்யாணத்தில்?
சும்மா இருக்கும் முகத்துக்குத்தான் பூசணும்."

ஆறு வருஷமாக அந்த வாக்கியத்தை விற்கிறேன்,
ஒவ்வொரு பிரஷோடும் இலவசமாக.
சிரித்தபடி பூசிக்கொண்டு
சிரித்தபடி பணம் கொடுத்து
சிரித்தபடியே கதவைத் தாண்டிப் போனார்கள்.
அதற்கப்புறம் அவர்கள் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

சாய்த்து வெட்டியதை எடுத்து வைத்தேன்,
இரண்டு விரல் அகலம்.
முதல்முறையாக அவர் முகம் மலர்ந்தது.
"அட, இது ஜன்னல் பிரஷ்!
சட்டத்தின் ஓரத்தில் கண்ணாடியில் படாமல் இழுப்போமே!"
என் புறங்கையைக் கேட்டார். நீட்டினேன்.
நுனியை மட்டும் தொட்டு, தட்டி உதறி,
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு.
தொட்ட இடம் தெரியவில்லை.
விட்ட இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

என் ஊழியர் தள்ளுபடியில் பில் போட்டேன்.
பெரியதைக் கோட்டுப் பைக்குள் செருகினார்:
"கட்டுப் பிரித்ததும் அவள் இதால்
என்னைப் பழிவாங்கட்டும்."

சனிக்கிழமை என்ன ஆயிற்றோ, தெரியாது.
அன்றிரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கண்ணாடி முன் நின்றேன்,
சிரிக்காமல்.
பழக்கமில்லை. கொஞ்ச நேரம் பிடித்தது.
பிறகு பார்த்தேன்:
நான் தினமும் பூசுகிற இடத்துக்கு
ஒரு விரல் மேலே இருந்தது
என் கன்னம்.